வீட்டுக்கு ஒருத்தர்

– யாரு உன்னை மருந்துக்கடைக்குப் போகச் சொன்னது?

– தலைவலி மாத்திரை வாங்கப் போனேன்டா. அதுக்கும் உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?

– அக்கா, விளையாடாத. மாத்திரை வாங்கப் போனவ அவகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?

– எவகிட்ட?

– நான் கட்டிக்கப் போறவகிட்ட.

– அப்பாடா! இத்தனை வருஷமா ‘தெரிஞ்ச பொண்ணு, தெரிஞ்ச பொண்ணு’ன்னு மென்னு முழுங்கிட்டு இருந்தே. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கட்டிக்கப் போறவன்னு சொல்ற. நான் போய்ப் பேசினதுக்கு இந்த அளவுக்காவது பலன் கிடைச்சுதே.

– பேச்சை மாத்தாத. என்ன சொன்ன?

– உள்ளதைச் சொன்னேன். எங்கப்பாவைக் கொண்டுபோன வியாதி எனக்கு வந்துடுச்சும்மா, டெஸ்ட்ல தெரிஞ்சுபோச்சு, அதனால என் தம்பிக்கு வராது, நீ ஒண்ணுக்கும் பயப்படாம அவனைக் கட்டிக்கோன்னு சொன்னேன். தப்பா?

– தப்பான்னா கேக்குற? தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு எனக்கு. நான் இன்னும் டெஸ்ட்டே எடுக்கலக்கா! எனக்கு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீ போய் கேரண்டி குடுத்துட்டு வந்திருக்க. நம்ம கடையில ஒரு கண்ணாடிக்காவது என்னிக்காவது கேரண்டி குடுத்திருக்கோமா?

– கண்ணாடி உடையும். உனக்கு ஒண்ணும் ஆகாது.

– யாரு சொன்னா?

– நான் சொல்றேன். போதாதா? சரி, அந்தக் கட்டரை எடு. சலூன்காரர் கண்ணாடியை முடிச்சுட்டா இன்னிக்கு ஒரு வேலை தீரும். நீ அந்தப் பக்கம் பிடி.

– நீ உக்காரு. நான் வெட்டுறேன்.

– வந்துட்டான்யா! அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து இதே பாட்டு. கட்டரைத் தொடாத, ஏணியில ஏறாத, டீயை நீ ஊத்தாத, கை சுட்டுக்கும். நேத்து வெங்காயம் நறுக்க உக்காந்தா வந்து கத்தியைப் பிடுங்குற. என்னை என்ன பொம்மைன்னு நெனச்சியா?

– அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு மறந்துட்டியா? இதே மேஜைதான். கோடு போட்டுக்கிட்டே இருப்பாரு, கை சடார்னு ஒரு பக்கம் இழுக்கும். பெரிய பெரிய கண்ணாடியா கீழ விழுந்து நொறுங்கும். நான் தரையைப் பெருக்கிட்டே இருப்பேன்.

– நான் மறப்பேனா? அவருக்கு சோறு ஊட்டினது யாரு, நீயா?

– அதான் சொல்றேன். உனக்கும் அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான்...

– தள்ளு. தள்ளுடான்னா. ரசம் பூசின பக்கம் கீழ இருக்கட்டும். அளவுகோலை அழுத்திப் பிடி. இப்போ பாரு. ...ம். தட்டு. லேசா. அவ்வளவுதான். எடுத்துப் பாரு. முடி அளவு கோணல் இருக்கா?

– இல்ல.

– காலையில நீ வெட்டின துண்டைப் பக்கத்துல வை. ரெண்டையும் பாத்தா யாருக்கு வியாதின்னு கடைக்கு வர்றவங்களுக்கே குழப்பமாயிடும்.

– என் கோடு அவ்வளவு கோணலாவா இருக்கு?

– ஐயய்யோ. சும்மா சொன்னேன்டா சின்னவனே. வாய் தவறிடுச்சு. உன் கோடு நல்லாத்தான் இருக்கு. நேராத்தான் இருக்கு. கை எதுவும் இழுக்கல இல்ல உனக்கு? காலையில? இல்லதானே?

– எனக்கு எதுக்கு இழுக்கப் போகுது? ராத்திரி தூக்கமில்ல, அதான் கோடு கோணலாப் போச்சு. நீ எதுக்கு இப்படி வேர்த்துப் போற? வியாதி உனக்கா, எனக்கா?

– எனக்குத்தான். எனக்குத்தான்டா. அதுல சந்தேகமே வேண்டாம்.

– அதை ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்ற பாரு, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவ என்ன பண்ணா தெரியுமா? கடையை இன்னொருத்தர் கையில விட்டுட்டு ஓடி வந்தா. ‘உங்க அக்கா என்னென்னமோ சொல்றாங்க, அவங்களுக்கு வந்தா உங்களுக்கு வராதாமே, அப்படி எந்தப் புத்தகத்துல இருக்கு’ன்னு கேட்டா. மாத்திரை டப்பாவோட முதுகுல இருக்கிறதை எல்லாம் படிக்கிறவ அவ. அவகிட்ட போய்...

– படிச்சவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடுமா? நம்ம குடும்பத்து விஷயம் நமக்குத்தான் தெரியும்.

– என்ன தெரியும்?

– வீட்டுக்கு ஒருத்தர். அதுதான் கணக்கு.

– ஆரம்பிச்சுட்டியா!

– நீயே பாரு. தாத்தாவும் அவர் அண்ணனும் ரெண்டு பேரு. தாத்தாவுக்கு அந்த ஆட்டம் வந்துச்சு, அவர் அண்ணன் பல்லு ஒண்ணு கூட விழாம கடைசி வரைக்கும் திடமா இருந்தாரு. அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டு பேரு. அப்பாவைப் பிடிச்சுது, சித்தப்பா இன்னிக்கும் காலையில எழுந்து தெருவைச் சுத்தி வர்றாரு. அப்பா போன அன்னிக்கு சித்தப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொல்லி அழுதாரு தெரியுமா? ‘எங்கண்ணன் எடுத்துக்கிட்டாரும்மா, என்னை விட்டுட்டாரு’ன்னாரு. அந்த வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு. இப்போ நாம ரெண்டு பேரு.

– சித்தப்பா பாசத்துல சொன்னதை நீ சட்டமா ஆக்கிட்ட.

– டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னாங்க? பாதிக்குப் பாதின்னு. நாம ரெண்டு பேரு. பாதின்னா ஒருத்தரு. நான் கணக்குல வீக்குதான், அதுக்காக இது கூடவா தெரியாது?

– கடவுளே! அது அப்படி இல்லக்கா. டெஸ்ட்டுக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சு அவங்க பேப்பர்ல படம் போட்டு, வட்டம் போட்டு, அம்பு போட்டு அவ்வளவு நேரம் விளக்கினாங்களே, நீ எங்க பாத்துட்டு இருந்த?

– அந்த ரூம் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தேன். எவனோ வேலை தெரியாதவன் கண்ணாடி பொருத்தியிருக்கான். நாலு மூலையிலயும் காத்து வருது.

– உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது!

– ஒண்ணும் பண்ண வேண்டாம். கல்யாணம் பண்ணு.

– சரி, நான் ஒண்ணு கேக்குறேன். அந்த ரிசல்ட் சொன்ன அன்னிக்கு, உள்ள என்ன நடந்துச்சு? முழுசா சொல்லு. என்னை உள்ள வராதன்னுட்ட. காரிடார்ல நின்னு நான் செத்துப் பொழச்சேன். கதவைத் திறந்துட்டு வர்ற, அழுது முகமெல்லாம் வீங்கியிருக்கு. பின்னாடியே அந்த டாக்டரம்மா சிரிச்ச முகமா வந்து உன் முதுகைத் தட்டிக் குடுக்குறாங்க! ஒருத்திக்கு இப்படி ஒரு சேதியைச் சொல்லிட்டு எப்படிச் சிரிக்க முடியுது? அன்னிக்கு நான் அவங்களை நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்ட.

– அவங்க முகமே அப்படித்தான். சிரிச்ச முகம்.

– நம்பர் என்ன சொன்னாங்க?

– எந்த நம்பர்? டோக்கன் நம்பரா?

– அக்கா! அந்த ஹன்டிங்டன் வியாதிக்கு ஒரு நம்பர் உண்டு. நம்ம உடம்பு செய்யறதுக்கு உள்ள ஒரு குறிப்பு இருக்கு, அதுல ஒரு இடத்துல அதே மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். திக்குறவன் ஒரே வார்த்தையில மாட்டிக்கிற மாதிரி. எல்லாருக்கும் கொஞ்சம் திக்கும். அது ஒரு அளவைத் தாண்டினாத்தான் வியாதி. எத்தனை தடவைங்கிறதுதான் நம்பர். அதைச் சொல்லாம அனுப்ப மாட்டாங்க.

– சொன்னாங்க, சொன்னாங்க. ஏதோ சொன்னாங்க. எனக்கு அப்போ காது அடைச்சுப்போச்சு.

– பெரிய நம்பரா, சின்ன நம்பரா?

– நல்ல நம்பர்டா. விடு.

– நல்ல நம்பரா? நல்ல நம்பர்னா எப்படி உனக்கு வியாதி வரும்?

– வியாதிக்கு நல்ல நம்பர்! போதுமா? என்னை ஏன்டா இப்படிப் போட்டு வறுத்தெடுக்கிற? வந்துடுச்சுன்னா வந்துடுச்சு. எனக்கு வந்ததுல ஆச்சரியம் என்ன இருக்கு? என்னைப் பாரு. அப்பா மூக்கு, அப்பா நெத்தி, அப்பா மாதிரியே இடது கை. கோவம் வந்தா அப்பா மாதிரியே காது சிவக்கும். நான் அப்பாவை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கேன். நீ அம்மா. தலையிலேருந்து கால் வரைக்கும் அம்மா. அப்புறம் அப்பா வியாதி உனக்கு எப்படி வரும்?

– மூக்கும் வியாதியும் ஒரே பொட்டலத்துல வர்றதில்ல. அப்பா மூக்கு இல்லாதவனுக்கும் அப்பா வியாதி வரலாம். அப்பா மூக்கு இருக்கிறவளுக்கு வராமலும் இருக்கலாம்.

– வராம எல்லாம் இருக்காது. எனக்கு வந்திருக்கு.

– எப்பப் பாத்தாலும் எனக்கு, எனக்கு! சரி, கேளு. நான் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் நானும் போய் ரத்தம் குடுக்கப் போறேன். அவளும் லீவு போட்டுட்டு கூட வர்றா. எது வந்தாலும் தெரிஞ்சுக்கிட்டே பேசுவோம்னு சொல்லிட்டா.

– வேண்டாம்.

– என்ன வேண்டாம்?

– வேண்டாம்டா. எதுக்கு? போகாத.

– ஏன் போகக்கூடாது?

– எதுக்கு உடம்புல ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கிட்டு... நல்லாத்தானே இருக்க? சாப்பிடுற, தூங்குற...

– தூங்கலன்னு இப்பத்தானே சொன்னேன்.

– தூங்கிடுவ. கல்யாணம் ஆனா தூங்கிடுவ. டேய், நான் சொல்றதைக் கேளு. அந்தக் கதவுக்குள்ள நீ போகாத. அந்த ரூம்ல உக்காந்து அவங்க சொல்றதைக் கேக்குறது... அது வேண்டாம் உனக்கு. நான் கேட்டுட்டேன் இல்ல? ஒரு வீட்டுக்கு அது போதும்.

– இரு. கொஞ்சம் இரு. நீ சொல்றபடியே வச்சுக்குவோம். உனக்கு வந்துடுச்சு, அதனால எனக்கு வராது. அதுதானே உன் கணக்கு?

– ஆமா.

– அப்போ நான் டெஸ்ட் எடுத்தா என்ன வரும்? இல்லன்னுதானே வரும்? சொல்லு. இல்லன்னுதானே வரணும்? அப்புறம் எதுக்கு நீ இப்படி மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குற?

– ஊசின்னா உனக்கு பயம். சின்ன வயசுலேருந்தே பயம். அதுக்குத்தான்.

– எனக்கு ஊசின்னா பயமே இல்ல. பயம் உனக்குத்தான். பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தப்போ பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சது நீ.

– என்ன தம்பி, சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது? நான் ஏதோ கண்ணாடி வாங்க ஆளு அடிச்சுக்குதுன்னு பாத்தேன்.

– வாங்க சலூன் அண்ணே. உங்க கண்ணாடிதான் மேஜையில இருக்கு. இப்பத்தான் அக்கா வெட்டினா. விளிம்பு தேய்ச்சு ஃப்ரேம் போடணும், காலையில வந்து மாட்டிக் குடுத்துடுறேன்.

– காலையிலயா? ஐயா சாமி, கண்ணாடி இல்லாம நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது. வர்றவன் எல்லாம் தலையைத் தடவித் தடவிப் பாத்துட்டு, ‘இந்தப் பக்கம் ஏத்தமா இருக்கு, அந்தப் பக்கம் இறக்கமா இருக்கு’ங்கிறான். ஒருத்தன் ஜன்னல் வழியா எதிர்ல நிக்குற கார்ல முகம் பாக்குறான். ஆமா, அதை விடுங்க. என்னம்மா, நம்ம லாரிக்காரர் என்ன இப்படி ஆயிட்டாரு?

– எந்த லாரிக்காரர் அண்ணே?

– இந்தம்மா, தெரியாத மாதிரி கேக்குறீங்க பாருங்க! உங்களுக்குக் கண்ணாடி இறக்குற லாரிக்காரர்தான். நேத்து என் கடைக்கு வந்தாரு. ஷேவ் பண்ணுங்கன்னு உக்காந்தவரு, பாதி முகத்துக்கு சோப்பு போட்டதும் கண்ணு கலங்கிட்டாரு. சோப்புதான் பட்டுடுச்சோன்னு நான் பயந்துட்டேன். அப்புறம்தான் சொல்றாரு, இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதீங்கன்னு நீங்க சொல்லிட்டீங்களாம். சரக்கை வேற ஆள்கிட்ட குடுத்தனுப்புங்கன்னு. நிஜமா?

– அண்ணே, ஃப்ரேமுக்கு கறுப்பு சொன்னீங்களா, மரக்கலரா?

– மரக்கலர்மா. ...சரி சரி, நான் ஏதோ கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேன் போல. தம்பி, காலையில மறந்துடாதீங்க. நான் வர்றேன்.

– வாங்க அண்ணே. ...அக்கா. இங்க பாரு. என்னைப் பாரு. லாரிக்காரரை வர வேண்டாம்னுட்டியா?

– அவருக்கு வேற வழியில நிறைய லோடு இருக்காம். அவர்தான்...

– பொய் சொல்லாத. உனக்குப் பொய் பேச வராது. அவர் எத்தனை வருஷமா உனக்காகக் காத்திருக்காரு? அப்பா படுத்திருந்தப்போ அவரைத் தூக்கி உக்கார வைக்க யாரு வந்து நின்னது? சொந்தக்காரங்க எல்லாம் ‘குடிச்சே அழிஞ்சான்’னு வாசல்லயே நின்னுட்டுப் போனப்போ, ‘இவரு குடிக்கிற ஆளே இல்ல, இது ஏதோ வியாதி, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க’ன்னு சொன்ன ஒரே ஆளு அவர்தானே? டெஸ்ட்டுக்கு முன்னாடி என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘எது வந்தாலும் நான் இருக்கேன் தம்பி, வியாதின்னு வந்தா நான்தான் பாத்துக்கப் போறேன்’னாரு. அந்த மனுஷனைப் போய்...

– அதனாலதான்டா வேண்டாம்னேன்.

– எதனால?

– அவர் முகத்தைப் பாத்து என்னால பேச முடியல. அவர் கண்ணைப் பாத்தா எனக்கு எல்லாத்தையும் சொல்லிடணும் போல இருக்கு.

– சொல்லு! யாரு வேண்டாம்னா? வியாதிக்காரின்னு தெரிஞ்சே வர்றவர்கிட்ட மறைக்க என்ன இருக்கு உனக்கு?

– நீ இப்படி இருக்கிறப்போ நான் மட்டும் எப்படிடா போய் சந்தோஷமா குடும்பம் நடத்த முடியும்?

– நான் எப்படி இருக்கேன்?

– அந்த விளிம்பு தேய்க்கிற கல்லை இப்படி எடு.

– அக்கா, நான் எப்படி இருக்கேன்? தப்பிச்சவன் நான்னு சொல்ற. அப்புறம் எனக்காக நீ ஏன் பரிதாபப்படுற? நீ பேசுறது எனக்கு ஒண்ணுமே பிடிபடல. காலையில ஒண்ணு சொல்ற, மதியம் ஒண்ணு சொல்ற. அலுத்துப்போச்சுக்கா. நிஜமாவே அலுத்துப்போச்சு. அப்பாவோட ஒரு சண்டை, அவர் போனதும் ஊரோட ஒரு சண்டை, இப்போ உன்னோட. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி எங்க அக்காவுக்கு என்ன வைத்தியம்னு கேட்டா, ‘அவங்க சம்மதம் இல்லாம எதுவும் சொல்ல முடியாது’ங்கிறாங்க. உன்கிட்ட வா போலாம்னா வர மாட்டேங்கிற. வியாதியை நிறுத்த முடியாதுதான், ஆனா ஆட்டத்தைக் குறைக்க மருந்து இருக்காம், பயிற்சி இருக்காம். எதுக்கும் வர மாட்ட. சும்மா உக்காந்து சிரிச்சுக்கிட்டே சாகலாம்னு இருக்கியா? என்னை யோசிச்சுப் பாத்தியா நீ?

– உன்னைத் தவிர நான் யாரைடா யோசிச்சேன்? சொல்லு, யாரை யோசிச்சேன்? அம்மா போறப்போ உன்னை என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனா. உனக்கு ஒண்ணு வராம நான் தடுக்கணும். தடுக்க முடியலன்னா, உனக்குத் தெரியாமலாவது பாத்துக்கணும். இருக்கிற வரைக்கும் நீ நிம்மதியா இருக்கணும். எனக்கு வேற என்ன இருக்கு?

– என்ன உளர்ற? எனக்கு ஒண்ணு வந்தா வரும், வராட்டி வராது. உன்னால அதைத் தடுக்கவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. அன்னிக்குக் காரிடார்ல எனக்கு எதிர்ல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, பாத்தியா? நீ உள்ள இருந்தப்போ பேசிக்கிட்டு இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு இதே வியாதி. பசங்க மூணு பேரு. மூணு பேருக்கும் வந்திருக்கு.

– என்னது?

– மூணு பேருக்கும். பெரியவனுக்கு ஆட ஆரம்பிச்சுடுச்சு.

– சும்மா சொல்லாத. மூணு பேருக்கும் எப்படி வரும்? வீட்டுக்கு...

– அந்த அம்மாவோட நாத்தனாரும் வந்திருந்தாங்க. அவங்களுக்கும் அதே வியாதி. அவங்களுக்கு பசங்க ரெண்டு. ரெண்டு பேருக்கும் இல்ல. ஒருத்தருக்குக் கூட இல்ல.

– ரெண்டு பேருக்குமே இல்லையா?

– இல்ல.

– ரெண்டு பேருமே தப்பிச்சாங்களா? அது எப்படிடா? அப்போ அந்தக் கெட்டது எங்க போச்சு? யாராவது ஒருத்தர் எடுத்துக்கிட்டாகணுமே!

– எடுத்துக்கிறதுக்கு அது சரக்கா? நீ இதை நம்ம கண்ணாடி ஸ்டாக் மாதிரி நெனச்சுட்டு இருக்க. லாரியில ரெண்டு ஷீட் வந்துச்சு, ஒண்ணு நல்லது, ஒண்ணு கீறல். கீறலை நீ எடுத்துக்கிட்டா நல்லது எனக்கு மிஞ்சும். அப்படித்தானே?

– அப்படித்தானே இருக்கும்?

– இல்ல. அங்க சுவத்தைப் பாரு. ஆணியில என்ன தொங்குது?

– அட்டை. முட்டை வடிவத்துல கண்ணாடி வெட்டுறதுக்கு வச்சு வரையிற அட்டை.

– அதை வச்சு எத்தனை கண்ணாடி வரைஞ்சிருக்க?

– அதுக்கு கணக்கு ஏது?

– வரைஞ்சு வரைஞ்சு அட்டை தீர்ந்துபோச்சா?

– அட்டை எப்படித் தீரும்? வரைஞ்சுட்டுத் திரும்ப மாட்டிடுவோம்.

– அதான். அப்பாகிட்ட இருந்தது ஷீட் இல்ல, அட்டை. ஒரே சாமானுக்கு ரெண்டு அட்டை. ஒண்ணு அவரோட அம்மா குடுத்தது, ஒண்ணு தாத்தா குடுத்தது. பாட்டியோடது சரியா இருக்கு. தாத்தாவோடதுல ஒரு ஓரம் பிசகு. நீ உண்டாகுறப்போ ஆணியிலேருந்து ஏதோ ஒண்ணு கையில வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு எடுக்குற மாதிரி. அதை வச்சு உன்னை வரைஞ்சாச்சு. வரைஞ்சுட்டு?

– திரும்ப மாட்டியாச்சு.

– அப்புறம் நான் உண்டாகுறேன். ஆணியில எத்தனை அட்டை தொங்குது?

– ரெண்டும் தொங்குது.

– ரெண்டுமே தொங்குது இல்ல? மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு. உனக்கு எது வந்துச்சுன்னு அந்த ஆணிக்குத் தெரியாது. பாதிக்குப் பாதின்னு அவங்க சொன்னது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதி. நம்ம ரெண்டு பேரையும் பங்கு போட்டு இல்ல.

– அம்மா?

– அம்மாகிட்டேயும் ரெண்டு அட்டை. ரெண்டும் நல்லது. அம்மா குடுத்தது உனக்குள்ளயும் இருக்கு, எனக்குள்ளயும் இருக்கு. ஆனா இந்த வியாதிக்கு பிசகு ஒண்ணு இருந்தாலே போதும். பக்கத்துல நல்லது இருந்தும் காப்பாத்தாது.

– அப்போ தாத்தா, அவர் அண்ணன்? அப்பா, சித்தப்பா?

– விழுந்துச்சு. அவ்வளவுதான். அப்படி விழுந்துச்சு. ரெண்டு தலைமுறை அப்படி விழுந்ததும் நாம அதை ஒரு விதின்னு நெனச்சுட்டோம். அக்கா? இப்பவாவது புரியுதா? நீ அவகிட்ட குடுத்த கேரண்டி செல்லாது. உனக்கு இருக்குங்கிறதுனால எனக்கு இல்லன்னு ஆகாது. அதனாலதான் நான் போயே ஆகணும்.

– இன்னொரு தடவை சொல்லு.

– எதை?

– அந்த அட்டையை. கத்தாம சொல்லு. மெதுவா சொல்லு.

– எத்தனை தடவைக்கா சொல்றது? பஸ்ஸுக்கு நேரமாச்சு, அவ ஸ்டாப்ல வந்து நிப்பா. உனக்கு வரைஞ்சது தனி. எனக்கு வரைஞ்சது தனி. போதுமா?

– எனக்கு நல்ல அட்டை விழுந்திருந்தாலும் உனக்கும் நல்லதே விழலாம்?

– விழலாம். உனக்கு எது விழுந்திருந்தாலும் எனக்குப் பாதிக்குப் பாதிதான். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது.

– சத்தியமா?

– சத்தியமா. அட, ஏன் இப்போ அழுற? அந்த ரூம்லேருந்து வெளிய வந்தப்போ அழுத அதே அழுகை. அக்கா, கையை எடு, மேஜையில கண்ணாடித் துண்டு கிடக்கு. என்ன ஆச்சுன்னு சொல்லித்தான் தொலையேன்!

– எனக்கு இல்லன்னு வந்ததை நான் வாயைத் திறந்து சொல்லிட்டா, அதனால அது உனக்கு வந்துடாது இல்லடா?